சந்தை மறுத்த தடுப்பூசி!

புற்றுநோய் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் தோன்றும் எண்ணம், அது விதிவசமாக வருவது என்பதுதான். புகையிலைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை அறிந்தவர்கள்கூட, பிற புற்றுநோய்கள் நம் கட்டுப்பாட்டில் இல்லாதவை என்றே கருதுகிறார்கள். ஆனால், உலகில் புதிதாகக் கண்டறியப்படும் புற்றுநோய்களில் ஏறத்தாழ 13 சதவீதம் தொற்றுக் கிருமிகளால் ஏற்படுபவை என்று, 2018-ஆம் ஆண்டுத் தரவுகளின் அடிப்படையில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். கிருமியால் வரும் நோய் என்றால், கிருமியைத் தடுப்பதன் மூலம் நோயையும் தடுக்க முடியும்.

இந்த உண்மையை உலகம் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்ததன் பின்னணியில் ஒரு விஞ்ஞானியின் நீண்டகால உழைப்பு இருக்கிறது. 2023-ஆம் ஆண்டு மே மாதம் தனது 87-ஆவது வயதில் மறைந்த ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ஹெரால்ட் சூர் ஹௌசன்தான் அவர். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் மனித பாப்பிலோமா தீநுண்மி (ஹெச்பிவி) என்பதைக் கண்டறிந்ததற்காக, 2008-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசில் பாதி அவருக்கு வழங்கப்பட்டது. மறு பாதி, எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான ஹெச்ஐவி தீநுண்மியைக் கண்டறிந்த இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகளுக்குச் சென்றது.

இது இந்தியர்களாகிய நாம் கூடுதல் அக்கறையுடன் அறிந்துகொள்ள வேண்டிய ஆய்வு. 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, உலகில் சுமார் 6.6 லட்சம் பெண்கள் கருப்பைவாய்ப் புற்றுநோயால் புதிதாகப் பாதிக்கப்பட்டனர், சுமார் 3.5 லட்சம் பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் இந்தியாவில் மட்டும் சுமார் 1.27 லட்சம் பேர் பாதிக்கப்பட்டனர். இறந்தவர்கள் ஏறத்தாழ 80,000 பேர். அதாவது, உலகில் இந்த நோயால் இறக்கும் பெண்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள்.

இந்த நோய் பற்றிய முதல் தடயம் ஆய்வகத்தில் கிடைக்கவில்லை, புள்ளிவிவரத்தில்தான் கிடைத்தது. இத்தாலியின் வெரோனா நகரில் 1760 முதல் 1839 வரை பதிவான மரணங்களை ஆராய்ந்த ரிகோனி ஸ்டெர்ன் என்கிற மருத்துவர், 1842-இல் ஒரு விந்தையைச் சுட்டிக்காட்டினார். கருப்பைப் புற்றுநோய், மணமான பெண்களிடையே மிகுதியாகவும், கன்னியாஸ்திரீகளிடையே மிகக் குறைவாகவும் காணப்பட்டது. உடலுறவின் மூலம் பரவும் ஏதோ ஒன்று இதன் பின்னணியில் இருக்கலாம் என்கிற ஐயம் அப்போதே விதைக்கப்பட்டது. அந்த 'ஏதோ ஒன்று' எது என்று தெரிய மேலும் 140 ஆண்டுகள் தேவைப்பட்டன.

தீநுண்மியால் புற்றுநோய் வரக்கூடும் என்பதும் எளிதில் ஏற்கப்பட்ட கருத்து அல்ல. கோழிகளுக்கு வரும் ஒருவகைப் புற்றுநோய் தீநுண்மியால் பரவுகிறது என்பதை அமெரிக்காவைச் சேர்ந்த பேட்டன் ரௌஸ் 1911-இல் வெளியிட்டார். அதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1966-இல்தான். கோழிக்குப் பொருந்துவது மனிதனுக்கும் பொருந்துமா என்கிற தயக்கம் மருத்துவ உலகில் நெடுங்காலம் நீடித்தது.

1936-ஆம் ஆண்டு ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷன் நகரில் பிறந்த ஹௌசனின் தொடக்கப் பள்ளிப் படிப்பு, இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சுகளால் தடைபட்டது. மருத்துவப் பட்டம் பெற்ற பிறகு, 1960-களில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் வெர்னர் ஹென்லே, கெர்ட்ரூட் ஹென்லே தம்பதியின் ஆய்வகத்தில் பணிபுரிந்தார். ஆப்பிரிக்கக் குழந்தைகளைத் தாக்கும் 'பர்க்கிட் லிம்ஃபோமா' என்கிற புற்றுநோய்க்கும் எப்ஸ்டீன்-பார் தீநுண்மிக்கும் உள்ள தொடர்பு அங்கு ஆராயப்பட்டு வந்தது.

ஜெர்மனி திரும்பிய ஹௌசன், 1970-இல் ஒரு முக்கிய உண்மையை நிறுவினார். தீநுண்மித் துகள் எதுவும் கண்ணுக்குத் தென்படாத பர்க்கிட் புற்றணுக்களுக்குள்ளும் அந்தத் தீநுண்மியின் டிஎன்ஏ மறைந்திருந்தது. திருடன் வீட்டில் இல்லை. ஆனால், அவன் எழுதி வைத்த கட்டளைகள் அந்த வீட்டை ஆட்டிப் படைக்கின்றன. எனவே, தீநுண்மியைத் தேடுவதைவிட அதன் மரபணுவைத் தேடுவதே சரியான வழி என்கிற முடிவுக்கு அவர் வந்தார். அவருடைய பிற்கால ஆய்வுகள் அனைத்துக்கும் அடித்தளம் இதுதான்.

அந்த நாள்களில், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஹெர்பிஸ் வகைத் தீநுண்மிதான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் நம்பிக்கையாக இருந்தது. ஹௌசனும் அதன் டிஎன்ஏவைப் புற்றணுக்களில் தேடினார், கிடைக்கவில்லை. 1974-இல் ஃபுளோரிடாவில் நடைபெற்ற மாநாட்டில் அவர் இதைத் தெரிவித்தபோது வரவேற்பு இல்லை. அவருடைய சோதனை முறைதான் போதிய நுட்பம் வாய்ந்ததல்ல என்று பலர் கருதினர்.

அவருடைய கவனம் வேறொரு பக்கம் திரும்பியது. பிறப்புறுப்பில் தோன்றும் மருக்கள் அரிதாகப் புற்றுநோயாக மாறியதாகப் பழைய மருத்துவக் குறிப்புகள் கூறின. மருக்களுக்குக் காரணம் பாப்பிலோமா தீநுண்மி. அப்படியானால், அதுவே கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் காரணமாக இருக்கலாம் அல்லவா? ஆனால், சாதாரண மருக்களிலிருந்து எடுத்த தீநுண்மியின் டிஎன்ஏ, புற்றணுக்களில் உள்ளதோடு பொருந்தவில்லை.

வேறொருவராக இருந்தால் அங்கேயே ஆய்வைக் கைவிட்டிருக்கக் கூடும். ஹௌசனோ, பாப்பிலோமா என்பது ஒரே தீநுண்மி அல்ல. ஒரு பெரும் குடும்பம் என்பதை உணர்ந்தார். இன்று அதில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. அவற்றை ஆய்வகத்தில் வழக்கமான முறையில் வளர்த்தெடுக்க முடியாது என்பதால், ஒவ்வொன்றின் மரபணுவையும் தனித்தனியாகப் பிரித்தெடுத்து ஒப்பிட வேண்டியிருந்தது. பத்தாண்டு கால முயற்சிக்குப் பின், 1983-இல் 16-ஆம் வகையையும் 1984-இல் 18-ஆம் வகையையும் அவருடைய குழுவினர் கருப்பைவாய்ப் புற்றுத் திசுக்களிலிருந்தே பிரித்தெடுத்தனர். உலகில் ஏற்படும் கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த இரண்டு வகைகளே காரணம் என்பது பின்னாளில் உறுதியாயிற்று.

1951-இல் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்த ஹென்ரியட்டா லாக்ஸ் என்கிற அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணின் உடலிலிருந்து, அவருடைய அனுமதியின்றி எடுக்கப்பட்ட அணுக்கள் இன்றளவும் உலகெங்கும் ஆய்வகங்களில் 'ஹீலா' என்கிற பெயரில் வளர்க்கப்படுகின்றன. அந்த அணுக்களுக்குள்ளும் 18-ஆம் வகைத் தீநுண்மியின் மரபணு பதிந்திருப்பது தெரியவந்தது. அந்தப் பெண்ணின் உயிரைப் பறித்தது எது என்கிற கேள்விக்கு 30 ஆண்டுகளுக்கு மேல் கழித்து விடை கிடைத்தது.

இந்தத் தீநுண்மி எவ்வாறு புற்றுநோயை உருவாக்குகிறது? நமது உடல் அணுக்களில் கட்டுப்பாடற்ற பெருக்கத்தைத் தடுக்கும் காவல் புரதங்கள் உள்ளன. அவற்றில் முக்கியமானவை பி53, ஆர்பி ஆகிய இரண்டும். பாப்பிலோமா தீநுண்மியின் இ6 என்கிற மரபணு உருவாக்கும் புரதம் பி53-ஐ அழித்துவிடுகிறது. இ7 உருவாக்கும் புரதம் ஆர்பியைச் செயலிழக்கச் செய்கிறது. இயல்பான நிலையில் இந்த இரண்டையும் அடக்கி வைக்க இ2 என்கிற மரபணு அந்தத் தீநுண்மியிலேயே உண்டு.

தீநுண்மியின் டிஎன்ஏ உடைந்து மனித மரபணுத் தொகுதிக்குள் போய் ஒட்டிக்கொள்ளும்போது, பெரும்பாலும் இந்த இ2 சிதைந்துவிடுகிறது. அதன் பின்னர் இ6, இ7 இரண்டையும் தட்டிக் கேட்க ஆளில்லை. ஹீலா அணுக்களின் மரபணுத் தொகுதியை 2013-இல் முழுமையாக ஆராய்ந்தபோது, அணுப் பெருக்கத்தைத் தூண்டும் 'மிக்' என்கிற மரபணுவின் அருகிலேயே தீநுண்மி ஒட்டிக்கொண்டிருந்ததும், அந்த மரபணு அளவுக்கு மீறி இயங்கியதும் தெரியவந்தன. தொற்றுநோயியலும் புற்றுநோய் மரபணுவியலும் சந்திக்கும் இடம் இது.

இந்தத் தீநுண்மி தொற்றிய அனைவருக்கும் புற்றுநோய் வருவதில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். உடலுறவு வாழ்க்கையில் ஈடுபடும் பெரும்பாலானோருக்கு ஏதேனும் ஒரு கட்டத்தில் இந்தத் தொற்று ஏற்படுகிறது. அவர்களில் பத்தில் ஒன்பது பேரின் உடலில் உள்ள நோய் எதிர்ப்பாற்றல் ஓரிரு ஆண்டுகளில் அதைக் கட்டுப்படுத்திவிடுகிறது. விடாப்பிடியாகத் தங்கிவிடும் தொற்றுதான், 15 முதல் 20 ஆண்டுகளில் புற்றுநோயாக மாறுகிறது. ஹெச்ஐவி தொற்று உள்ள பெண்களுக்கு இந்த ஆபத்து ஆறு மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பிற தீநுண்மிகளைப்போல இது ரத்தத்தில் கலப்பதில்லை. தோலின் அடுக்குகளிலேயே தங்கி வாழ்கிறது. அதனால், உடலின் காவல்படை விழித்துக்கொள்ளத் தாமதமாகிறது. உருவாகும் எதிர்ப்புரதங்களும் வலுவற்றவை. இயற்கையான தொற்று தராத பாதுகாப்பைத் தடுப்பூசி தர முடியுமா என்று பலர் ஐயுற்றதற்கு இதுவே காரணம்.

அந்த ஐயத்தைப் போக்கியது 1991-ஆம் ஆண்டு ஆய்வு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இயன் ஃபிரேசரும், சீனாவில் பிறந்த ஜியான் ஷோவும், தீநுண்மியின் வெளியுறைப் புரதத்தை மட்டும் தனியே உருவாக்கினர். எல்1 எனப்படும் அந்தப் புரதத்தின் 360 பிரதிகள் தாமாகவே கூடி, அசல் தீநுண்மியைப் போன்ற உருண்டையாக அமைகின்றன. ஆனால், அதற்குள் டிஎன்ஏ கிடையாது. நோயை உண்டாக்கவும் முடியாது. தோட்டா இல்லாத துப்பாக்கியைக் கண்டு உடல் தற்காப்புப் பயிற்சி பெறுகிறது என்று கூறலாம். தசையில் செலுத்தப்படும் இந்த ஊசி, இயற்கைத் தொற்றைக் காட்டிலும் பன்மடங்கு எதிர்ப்புரதங்களைத் தூண்டுகிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் டக்ளஸ் லோவி, ஜான் ஷில்லர் ஆகியோரின் ஆய்வுகளும் சேர்ந்து, 2006-இல் முதல் தடுப்பூசி பயன்பாட்டுக்கு வந்தது.

இங்கு ஒரு பொருளாதாரக் கேள்வி எழுகிறது. தீநுண்மி கண்டறியப்பட்டது 1983-இல்; தடுப்பூசி வந்தது 2006-இல். இடைப்பட்ட காலத்தில் அறிவியல் தடைகள் இருந்தது உண்மை. ஆனால், அது மட்டுமே காரணமல்ல. 1980-களின் மத்தியிலேயே ஹௌசன் தடுப்பூசி தயாரிப்புக்காக மருந்து நிறுவனத்தை அணுகினார். அதற்குப் போதிய சந்தை இல்லை என்கிற கணக்கின் அடிப்படையில் அந்த யோசனை நிராகரிக்கப்பட்டது.

அந்த நிறுவனத்தின் கணக்கை வணிக நோக்கில் குறை கூற முடியாது. இந்த நோயால் மிகுதியாக இறப்பவர்கள் ஏழை நாடுகளின் ஏழைப் பெண்கள். அவர்களுக்குத் தேவை உண்டு. வாங்கும் சக்தி இல்லை. பொருளாதாரத்தில் வாங்கும் சக்தியுடன் கூடிய தேவைக்குத்தான் 'வேண்டல்' என்று பெயர். மேலும், இன்று போடப்படும் ஊசியின் பயன் 20 ஆண்டுகள் கழித்தே தெரியும். வராமல் போன நோய்க்கு யாரும் நன்றி சொல்வதுமில்லை. தொலைதூரத்துப் பயனைச் சந்தை எப்போதும் குறைத்தே மதிப்பிடும். தடுப்பூசி போட்டுக்கொண்டவர் தம்மை மட்டுமல்லாமல், தம் மூலம் தொற்றக்கூடிய பிறரையும் காக்கிறார். அந்தப் பயனும் விலையில் பிரதிபலிக்காது. சந்தை தவறும் இத்தகைய இடங்களில்தான் அரசின் தலையீடு நியாயமாகிறது.

அரசுகள் தலையிட்ட நாடுகளில் பலன் இன்று கண்கூடு. 17 வயதுக்கு முன்பு தடுப்பூசி போட்டுக்கொண்ட ஸ்வீடன் பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோய் 88 சதவீதம் குறைந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. இங்கிலாந்தில் 12-13 வயதில் தடுப்பூசித் திட்டத்தின் கீழ் வந்தவர்களிடையே 87 சதவீதக் குறைவு பதிவானது. ஸ்காட்லாந்தில் அதே வயதில் தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண்களிடையே ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் கண்டறியப்படவில்லை என்று 2024-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

இந்தியாவின் கதை வேறு. 2009-இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும், குஜராத்தின் வடோதராவிலும் முன்னோடித் திட்டமாகச் சிறுமிகளுக்கு இந்தத் தடுப்பூசி போடப்பட்டது. அவர்களில் ஏழு பேர் இறந்தது பெரும் சர்ச்சையானது. அந்த மரணங்களுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று விசாரணைக் குழு தெரிவித்தது. ஆனால், ஒப்புதல் பெற்ற முறையில் கடும் குறைபாடுகள் இருந்தன. விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடியினச் சிறுமிகள் பலருக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தனர். நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இல் இதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தக் கண்டனம் நியாயமானது. ஏழைகளின் ஒப்புதல் வெறும் சம்பிரதாயம் என்று கருதப்பட்டதற்கு இந்தியா கொடுத்த விலை, பத்தாண்டுக்கும் மேலான தாமதம்.

அதே சர்ச்சையிலிருந்து எதிர்பாராத ஒரு நன்மையும் விளைந்தது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, இரண்டு தவணையா மூன்று தவணையா என்று ஒப்பிடும் வேறோர் ஆய்வை இந்தியாவின் ஒன்பது மையங்களில் நடத்தி வந்தது. திண்டுக்கல் மாவட்டத்தின் அம்பிளிக்கையும் அவற்றில் ஒன்று. 2010-இல் அரசு விதித்த தடையால் அந்த ஆய்வும் பாதியில் நின்றது. சுமார் 5,000 சிறுமிகள் ஒரே தவணையோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடவில்லை. பத்தாண்டுகள் தொடர்ந்து கண்காணித்தார்கள். 16, 18-ஆம் வகைத் தீநுண்மிகளின் நீடித்த தொற்றைத் தடுப்பதில் ஒரே தவணை சுமார் 95 சதவீதம் பலனளிப்பதும், அது இரண்டு, மூன்று தவணைகளுக்கு இணையானது என்பதும் 2021-இல் தெரியவந்தது. கென்யாவில் நடந்த ஆய்வும் இதை உறுதி செய்தது. ஒரு தவணையே போதுமானதாக இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் ஏற்றுக்கொண்டதற்கு இந்தியச் சிறுமிகளின் பங்களிப்பு முக்கியக் காரணம். தவணை குறைந்தால் செலவும் குறையும். விடுபட்டுப் போகிறவர்களின் எண்ணிக்கையும் குறையும்.

2022-இல் இந்தியாவிலேயே தயாரிக்கப்பட்ட தடுப்பூசிக்கு ஒப்புதல் கிடைத்தது. 2018-லேயே சிறுமிகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கிய சிக்கிம் மாநிலம், பள்ளிகள் வாயிலாகவே 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோரைச் சென்றடைந்தது. 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி ஊக்குவிக்கப்படும் என்று மத்திய அரசின் 2024 இடைக்கால நிதிநிலை அறிக்கை கூறியது. 14 வயதுச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி போட 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு ரூ.36 கோடி ஒதுக்கியது. வரவேற்கத்தக்க தொடக்கங்கள் இவை.

ஆனால், தடுப்பூசி ஏற்கெனவே உள்ள தொற்றைக் குணப்படுத்தாது. அது மகள்களைக் காக்கும், தாய்மார்களைக் காக்காது. இன்று 30 முதல் 50 வயதுக்குள் இருக்கும் பெண்களுக்குப் பரிசோதனை ஒன்றே பாதுகாப்பு. புற்றுநோயாக மாற இந்தத் தொற்று எடுத்துக்கொள்ளும் நீண்ட காலமே நமக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு.

அதற்கு வழிகாட்டியதும் நமது மண்தான். 2000-ஆம் ஆண்டில் தொடங்கி, டாக்டர் ஆர். சங்கரநாராயணன் தலைமையில் திண்டுக்கல் மாவட்டத்தில் நடைபெற்ற ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கருப்பைவாயைக் கண்ணால் பார்த்துப் பரிசோதித்தனர். வினிகர் என்று நாம் அறிந்த திரவத்தில் உள்ள அமிலம்தான் அது. சுமார் 49,000 பெண்களை உள்ளடக்கிய அந்தத் திட்டத்தால் மரணங்கள் 35 சதவீதம் குறைந்தன. 2007-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான இந்த முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்த ஆய்வு, ஒரே ஒருமுறை ஹெச்பிவி பரிசோதனை செய்தாலே மரணங்களைச் சுமார் பாதியாகக் குறைக்க முடியும் என்று 2009-இல் காட்டியது.

இவ்வளவு இருந்தும், ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுக்குள்பட்ட இந்தியப் பெண்களில் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தமிழகத்தில் சுமார் பத்துப் பேர். நாட்டிலேயே முன்னணியில் இருக்கும் மாநிலத்தின் நிலையே இதுதான். 2030-க்குள் 90 சதவீதச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி, 70 சதவீதப் பெண்களுக்குப் பரிசோதனை, பாதிப்பு கண்டறியப்பட்டவர்களில் 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. அந்த இலக்குக்கும் நமக்கும் உள்ள தொலைவு, மருந்தின் பற்றாக்குறையால் ஏற்பட்டதல்ல.

தயக்கமும் கூச்சமுமே பெரும் தடைகள். உடலுறவோடு தொடர்புடைய தொற்று என்பதாலேயே, பரிசோதனைக்குச் செல்லும் பெண்ணின் ஒழுக்கம் ஐயத்துக்கு உள்ளாகுமோ என்கிற அச்சம் குடும்பங்களில் நிலவுகிறது. ஒரே துணையுடன் வாழும் பெண்ணுக்கும், கணவர் வழியாக இந்தத் தொற்று வரலாம். இது ஒழுக்கம் தொடர்பான விவகாரம் அல்ல. தோல் வழியாகப் பரவும் ஒரு சாதாரணத் தீநுண்மி பற்றிய விஷயம். பள்ளியில் தடுப்பூசி போடும்போது, பெற்றோரை அழைத்து, அவர்கள் மொழியில் விளக்கி, கேள்விகளுக்கு விடையளித்து, உண்மையான ஒப்புதலைப் பெற வேண்டும். கம்மம் கற்றுத் தந்த பாடம் அது. கையெழுத்து வாங்குவதில் காட்டும் அவசரம், நம்பிக்கையை இழக்கும் குறுக்கு வழி.

மகளுக்குத் தடுப்பூசி போட அழைக்கப்படும் தாய்க்கு, அதே வாரத்தில் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனைக்கும் நாள் குறித்துத் தரலாம். இரண்டுக்கும் தனித்தனியே வீடு தேடிச் செல்லும் செலவு இதனால் மிச்சமாகும். பாதிப்பு கண்டறியப்பட்டவர் சிகிச்சையை முடிக்கும் வரை ஒரு கிராமச் சுகாதாரச் செவிலியர் பொறுப்பேற்பதும் அவசியம். பரிசோதித்துவிட்டுக் கைவிடுவது, பரிசோதிக்காமல் இருப்பதைவிடக் கொடிது.

லாபமில்லை என்று சந்தை ஒருகாலத்தில் ஒதுக்கிய தடுப்பூசி இன்று நம் நாட்டிலேயே தயாராகிறது. ஒரு தவணை போதும் என்பதை நம் சிறுமிகளே உலகுக்கு நிரூபித்திருக்கிறார்கள். எளிய பரிசோதனை உயிர்காக்கும் என்பதைத் திண்டுக்கல் மாவட்டத்துச் செவிலியர்கள் காட்டியிருக்கிறார்கள். அறிவியல் தன் கடமையைச் செய்துவிட்டது. ஆண்டுக்கு 80,000 பெண்களின் உயிர் இனி அரசின் நிர்வாகத் திறனையும், குடும்பங்களின் மனத்தெளிவையும்தான் நம்பியிருக்கிறது!